குட்டி யானையில் ஸ்பார்க் ப்ளக் தெறித்தால் என்ன செய்வது

டெல்டாவில் நெல் ஏற்றும் பெரிய லாரிகள் கிட்டத்தட்ட எல்லாமே டீசல். பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக் அவற்றில் கிடையாது. ஆனால் வயலடியிலிருந்து நேரடி கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை அடிக்கும் வண்டி, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் ஓடும் வண்டி, வைக்கோல் கட்டு ஏற்றும் வண்டி எல்லாம் இப்போது பெட்ரோலாகவோ சி.என்.ஜி.யாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் கோல்டு பெட்ரோல் 694 சி.சி., 2 சிலிண்டர். மாருதி சூப்பர் கேரி 1.2 லிட்டர், 4 சிலிண்டர். இந்த வகை எஞ்சின்களில் சிலிண்டரை மேலே மூடும் ஹெட் அலுமினியம், அதில் திருகியிருக்கும் ப்ளக் இரும்பு. மெத்தென்ற உலோகத்தில் போட்ட மரை, கடினமான மரையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சிக்கல் முழுக்க அந்த இடத்தில்தான்.

ப்ளக் வெளியே பறந்துவிட்டால் பலர் முதலில் செய்வது புது ப்ளக் ஒன்றை வாங்கி அதே ஓட்டையில் முறுக்குவது. நின்றால் சரி என்று வண்டியை எடுத்துவிடுவார்கள். அது பத்துக் கிலோமீட்டர் தாங்கும், சில சமயம் நூறு கிலோமீட்டரும் தாங்கும், பிறகு மறுபடி தெறிக்கும். இரண்டாவது முறை தெறிக்கும்போது மிச்சமிருந்த மரையும் போய், ஓட்டை வாயும் கோணலாகிவிடும். கைவேலையாக முடிந்திருக்க வேண்டியது ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும். ஆகவே ப்ளக் வாங்கக் கிளம்பும் முன் மரையைப் பாருங்கள். பழுது அங்கே இருக்கிறது.

சத்தம் கேட்டதும்

'டப்' என்று ஒரு சத்தம், உடனே சீட்டுக்கு அடியில் 'ஃபட் ஃபட் ஃபட்' என்று காது அடைக்கும் இரைச்சல், பிக்கப் செத்துப்போகும், எஞ்சின் லைட் எரியும் அல்லது மின்னும். இப்படி ஆனால் ஓரம்கட்டி உடனே சாவியைத் திருப்பி அணையுங்கள். பக்கத்து ஊர்வரை மெல்ல ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ப்ளக் இல்லாத சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் எரிபொருளைத் தெளித்துக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது அந்தக் கலவை ஓட்டை வழியாக எஞ்சின் மேல் பீய்ச்சியடிக்கும். கழன்று தொங்கும் ப்ளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ அதே இடத்தில் பொறி விட்டுக்கொண்டிருக்கும். தீப்பிடிக்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பின்னால் வைக்கோல் ஏற்றியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தும் இடத்தையும் கவனியுங்கள். சம்பா அறுவடை நேரத்தில் பாதிச் சாலை நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். அதன்மேல் நிறுத்தாமல் வெறும் தார் தெரியும் இடமாகப் பாருங்கள். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் வால்வைக் கையால் திருகி மூடுங்கள். பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டலாம் என்பது இங்கே உதவாது. ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும், வெளியே வருவது மட்டும் பெட்ரோலாக மாறும்.

தீயைத் தவிர இன்னும் இரண்டு கேடு உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். ஏர் ஃபில்டர் வழியாக வராத காற்று அது. பதரும் தூசியும் மணலும் அதோடு சிலிண்டருக்குள் போய் சுவரைக் கீறும். அடுத்தது, எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரியும். பி.எஸ்.6 வண்டியில் அதை மாற்றும் செலவு, மரை சரிசெய்யும் செலவைவிடப் பல மடங்கு.

எனவே லோடை வேறு வண்டிக்கு மாற்றி, இந்த வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் வழி. ஏஸ் போன்ற இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று போனால் மிச்சம் பாதி எஞ்சின்தான், ஓட்ட நினைத்தாலும் ஓடாது. எம்-சீல், அரால்டைட் வைத்து ஒட்டுவது, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, ஒற்றைக் கம்பியைச் சுற்றி இறுக்குவது எல்லாம் வீண். முதல் இரண்டும் சூட்டில் கருகிவிடும். மூன்றாவது மிச்சமிருக்கும் மரையையும் கிழிக்கும்.

இழுக்கக் காத்திருக்கும் நேரத்தில் தெறித்த ப்ளக்கைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் வயரிலோ காயிலிலோ மாட்டிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் எஞ்சின் அடித்தட்டில் கிடக்கும். வாஷரையும் விட்டுவிடாதீர்கள். ஓட்டை வாயில் சுத்தமான துணி ஒன்றை அடைத்துவிடுங்கள். துணியின் வால் வெளியே நீளமாகத் தெரிய வேண்டும், மறந்து ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

எது போயிருக்கிறது என்று பார்ப்பது

எஞ்சின் முழுக்க ஆறட்டும். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சூடான அலுமினியத்தில் எந்த மரை வேலையும் செய்யக் கூடாது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். சீட்டைத் தூக்கி, ப்ளக் குழியைச் சுற்றியுள்ள தூசி, உமி, வைக்கோல் துணுக்கைத் துடைத்து எடுத்த பிறகே ஓட்டையில் அடைத்த துணியை உருவுங்கள்.

இப்போது தெறித்த ப்ளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதன் மரைக்குள் வெள்ளை உலோகம் ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தால், அது ஹெட்டின் மரை. ஓட்டையில் இனி பிடிப்பு இல்லை, புது மரைதான் போட வேண்டும். ப்ளக்கின் மரை சுத்தமாக இருந்து, ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் மரை வரிவரியாகக் கூர்மையாகத் தெரிந்தால், ப்ளக் இறுக்கம் இல்லாமல் சுழன்று தானாகக் கழன்றிருக்கிறது. இது அரிதுதான், ஆனாலும் உண்டு. ப்ளக்கின் மரை முழுக்கக் கரியாக இருந்தால் வெகு நாளாகக் காற்று கசிந்து வந்திருக்கிறது. அப்போது ஓட்டையின் மரை பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். சூடான வாயு அரித்த மரை மேலுக்கு உருவம் மட்டும்தான்.

மரை நன்றாக இருக்கிறதா என்பதற்குக் கையே போதுமான சோதனை. பெரும்பாலான ப்ளக்குகள் 14 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி. மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. என்றால் முழுதாக இறங்க 15 சுற்று வேண்டும். ஸ்பேனர் இல்லாமல், ப்ளக்கின் தலையில் ஒரு ரப்பர் ட்யூப்பை மாட்டிச் சுற்றினால் அத்தனை சுற்றும் இலகுவாகப் போக வேண்டும். ஐந்தாறு சுற்றில் வழுக்கினாலோ, ஆட்டினால் ப்ளக் பக்கவாட்டில் ஆடினாலோ மரை போய்விட்டது. புதிய எஞ்சின்களில் சில 12 மி.மீ. ப்ளக் போடுபவை, மரை நீளம் 26.5 மி.மீ. வரைகூட இருக்கும். கையில் உள்ள ப்ளக்கை வெர்னியரால் அளந்துவிட்டுத்தான் மரை போடும் கிட் வாங்கப் போங்கள். கடைக்காரர் சொல்வதையோ வண்டிப் பெயரையோ வைத்து வாங்கினால் தப்பாகப் போகும்.

இன்னொரு வகை: ப்ளக்கின் இரும்பு உடல் ஹெட்டிலேயே இருக்க, நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கான் மட்டும் பறந்துபோயிருக்கும். இது மரைக் குறை இல்லை. கீழே விழுந்தோ பழைய தட்டலாலோ பீங்கான் விரிசல் விட்டிருக்கும், அல்லது போலிச் சரக்காக இருக்கும். இரும்பு உடலை ப்ளக் ஸ்பேனர் கொண்டே கழற்றிவிடலாம். ஆனால் பீங்கான் துண்டு ஏதாவது சிலிண்டருக்குள் விழுந்ததா என்பதைப் போனில் மாட்டும் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்காமல் எஞ்சினைச் சுற்றாதீர்கள். பீங்கான் மிகக் கடினம், சிலிண்டர் சுவரைக் கண்ணாடி அறுப்பதுபோல் அறுக்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் எஞ்சினிலும் இதே 'ஃபட் ஃபட்' வந்தால் அது இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் அல்லது ஹீட்டர் ப்ளக். கீழே சொல்லும் மரை வேலை அதற்குப் பொருந்தாது.

ஏன் தெறிக்கிறது

14 மி.மீ. ப்ளக்கின் குறுக்குப் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். முழு லோடில் சிலிண்டருக்குள் எரியும்போது அழுத்தம் 60 பார் அளவுக்குப் போகலாம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு வெடிப்பும் ப்ளக்கை 90 கிலோ அளவு விசையோடு மேலே தள்ளுகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டரில் விநாடிக்கு 25 வெடிப்பு. சரியாக இறுகிய 15 சுற்று மரைக்கு இது பெரிய சுமை இல்லை. நாலு சுற்று மட்டும் பிடித்திருந்தால்தான் ஆபத்து.

அமெரிக்காவில் 1990களின் பிற்பாதியிலிருந்து வந்த ஃபோர்டு ட்ரைட்டன் எஞ்சின்களில் ப்ளக் தெறிப்பது பேர்போன குறையாக இருந்ததற்கு இதுதான் காரணம். அந்த ஹெட்களில் ப்ளக்கைப் பிடித்த மரை நாலைந்து சுற்று மட்டுமே. இணையத்தில் காணும் வீடியோக்களில் பாதிக்கு மேல் அந்த எஞ்சினைப் பற்றியவை. முறை பொருந்தும், கிட் அளவும் ஓட்டையில் போடும் மரைக் குழாயான புஷ்ஷின் நீளமும் நம் வண்டிக்குப் பொருந்தாது.

நம் வண்டிகளில் மரை போவது பெரும்பாலும் கை வேலையால். அதிகமாக இறுக்கினால் அலுமினிய மரை இழுபட்டு நீளும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று சர்வீஸ் தாண்டித் தெறிக்கும். குறைவாக இறுக்கினால் அதிர்விலேயே தளரும், வாயு கசியும், மரை அரிக்கும். கோணலாக நுழைத்து ஸ்பேனரால் தள்ளினால் புது மரை பழைய மரையைக் குறுக்காக வெட்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினியம் ப்ளக்கோடு ஒட்டிக்கொண்டு வரும். நீளம் குறைந்த ப்ளக்கைப் போட்டால் ஓட்டையின் அடி மரை வெறுமையாக நின்று கரி ஏறும், பிறகு சரியான நீள ப்ளக்கை இறக்கும்போது அந்தக் கரியே மரையைக் கிழிக்கும்.

இதற்கு மேல் ஊர் சேர்க்கும் பங்கும் உண்டு. வேதாரண்யம் உப்பளம் பக்கமும் நாகப்பட்டினம் துறைமுகத்திலும் ஓடும் வண்டியில் உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் ப்ளக் குழியில் தங்கி, இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் அரிப்பை ஏற்றும். அப்படிப் பிடித்துக்கொண்ட ப்ளக்கைப் பலமாகத் திருகினால் மரையோடுதான் வரும். வாட்டர் சர்வீஸில் எஞ்சினுக்குள் தண்ணீர் அடிப்பதும் இதே வேலையைச் செய்யும். பிறகு லோடு. 750 கிலோ ஏற்றும் வண்டியில் 40 கிலோ மூட்டை 18 வைத்தால் 720 கிலோ, அது சரி. 35 மூட்டை அடுக்கி, வாய்க்கால் கரை மேட்டில் முதல் கியரிலேயே ஏற்றினால் ஹெட் சூடும் அழுத்தமும் உச்சத்தில் நிற்கும். பாரம் மட்டும் நல்ல மரையைக் கிழிக்காது. தளர்ந்திருக்கும் ப்ளக்கை அன்றே வெளியே தள்ளிவிடும்.

மரை நன்றாக இருந்தால்

புது ப்ளக், புது வாஷர். மரையைச் சுத்தம் செய்யப் புது மரை வெட்டும் டாப் வேண்டாம், மரை சுத்தம் செய்யும் சேஸர் போதும். அதன் பள்ளத்தில் கிரீஸ் தடவிக் கையால் இறக்கி எடுங்கள், அழுக்கு அதிலேயே ஒட்டி வரும். பிறகு ப்ளக்கை ரப்பர் ட்யூப்பால் முழுதாக இறக்கி, கீழே சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். முதல் லோடு முடிந்து ஆறிய பின் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை அதே அளவில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். நகர்ந்தால் மரையில் சந்தேகம் கொள்ளுங்கள்.

மரை போயிருந்தால்: புஷ் போடுவது

இரண்டு வழி பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஹெலிகாயில் எனப்படும் எவர்சில்வர் கம்பிச் சுருள். மற்றது டைம்-செர்ட் போன்ற கெட்டி இரும்பு புஷ், உள்ளும் புறமும் மரை உள்ள குழாய். ஹெட் போல்ட் ஓட்டை, சம்ப் போல்ட் ஓட்டைக்குக் கம்பிச் சுருள் அருமையானது. ப்ளக் ஓட்டைக்குக் கெட்டி புஷ்தான் எங்கள் பரிந்துரை. ப்ளக்கை அடிக்கடி கழற்றி மாட்டுவோம், அப்போது சுருள் ப்ளக்கோடு சேர்ந்து வந்துவிடும். சுருளின் முனையில் உள்ள வாலை ஒடித்து எடுக்கும்போது அது சிலிண்டருக்குள் விழுந்தால், எவர்சில்வர் என்பதால் காந்தத்திலும் சரியாக ஒட்டாது. விலை குறைவு என்பதுதான் சுருளின் ஒரே சாதகம்.

புஷ் கிட்டில் டாப், வாய் வெட்டும் கட்டர், புஷ்கள், புஷ்ஷைத் திருகி இறக்கும் டிரைவர் இருக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் கிட்டின் டாப் இரட்டை வேலை செய்யும். அதன் அடிமுனை பழைய 14 மி.மீ. மரையைப் பிடித்து வழி காட்டும், மேல்பகுதி ஓட்டையை அகலப்படுத்தி 16 மி.மீ. மரை வெட்டும். புஷ்ஷின் நீளம் ஹெட்டில் உள்ள மரையின் நீளத்துக்குச் சமமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கட்டையாக இருந்தால் அடியில் பிடிப்பு இல்லாத வெற்றிடம். நீளமாக இருந்தால் எரியும் அறைக்குள் நுனி நீட்டிக்கொண்டு பழுக்கச் சூடாகும், பொறி வருமுன்னே கலவை தானாகப் பற்றி எஞ்சின் தட்டும்.

அதோடு கெட்டியான கிரீஸ், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, பனியன் வேஸ்ட், கண்ணாடி, வாக்யூம் கிளீனர், கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் ஒரு மீட்டர் எடுத்து வையுங்கள். ட்யூப்பை வாக்யூமின் வாயில் டேப் சுற்றி இணைத்தால் சிலிண்டருக்குள் போகும் உறிஞ்சி தயார்.

முதலில் பிஸ்டனை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மற்ற ப்ளக்குகளையும் கழற்றிவிட்டு, பழுதான ஓட்டைக்குள் ரப்பர் ட்யூப் ஒன்றை இறுக்கமாகச் செருகி அதன் மறுவாயை விரலால் மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவர் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மெல்லச் சுற்றட்டும். விரலைக் காற்று தள்ள ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் அந்தச் சிலிண்டரின் எல்லா வால்வும் மூடியிருக்கும், பிஸ்டன் கீழே இருக்கும். டாப்பின் முனை பிஸ்டனில் முட்டாது, துகள் வால்வு சீட்டில் சிக்காது. இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் பிஸ்டன் தலையில் பள்ளம் போடுகிறார்கள்.

டாப்பின் பள்ளங்களில் கிரீஸை நிரப்புங்கள், வழியும் அளவுக்கு. டி கைப்பிடியில் மாட்டி, ப்ளக் குழிக்கு நேராக நிறுத்திக் கையால் சுற்றுங்கள். முதல் இரண்டு சுற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே சாய்ந்தால் கடைசிவரை சாய்வுதான், ப்ளக்கின் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், கசிவு நிற்காது. இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்து நேர் செய்யுங்கள். பிறகு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டாப்பை முழுதாக வெளியே எடுத்து, துகளோடு கிரீஸைத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் உள்ளே விழாத துகளைத் தேட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்திலும் ட்ரில் மிஷினையோ ஏர் கன்னையோ டாப்பில் மாட்டாதீர்கள்.

மரை வெட்டி முடிந்ததும் வாய் கட்டரைப் போட்டு, புஷ்ஷின் விளிம்பு உட்காரும் படியை வெட்டுங்கள். புஷ்ஷை உலர்வாக ஒருமுறை கையால் இறக்கிப் பாருங்கள். அதன் விளிம்பு, ப்ளக் வாஷர் உட்காரும் பரப்போடு சமமாக நிற்க வேண்டும். எழும்பி நின்றால் வாஷர் ஹெட்டில் படாமல் புஷ்ஷின்மேல் மட்டும் உட்காரும், ப்ளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது, அடுத்த முறை ப்ளக்கைக் கழற்றினால் புஷ்ஷும் கூடவே சுற்றும். ஆழமாக இறங்கிவிட்டால் ப்ளக்கின் முனை அறைக்குள் அதிகம் நீளும், சில எஞ்சின்களில் பிஸ்டனைத் தொடும். கட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி அடிக்கடி வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. வெட்டிய உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

இப்போது உள்ளே சுத்தம். மட்ட ட்யூப்பை விட்டு சிலிண்டரின் சுற்றோரம் முழுக்க உறிஞ்சுங்கள். ஒரு குச்சி நுனியில் கிரீஸ் தடவி பிஸ்டன் தலையைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். கேமரா விட்டுப் பாருங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, எரிபொருள் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, எல்லா இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களையும் கழற்றி, சி.என்.ஜி. வால்வு மூடியிருப்பதை உறுதி செய்து, ப்ளக்குகள் இல்லாமலே ஐந்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். மிச்சத் துகள் ஓட்டை வழியாகத் துப்பப்படும். யாரும் குழிக்கு நேராகக் குனிந்து பார்க்கக் கூடாது. மயிரளவு அலுமினியத் துகள் ஒன்றிரண்டு தப்பினால் பெரும்பாலும் சைலன்சர் வழியாகப் போய்விடும். இரும்புத் துகளும் பீங்கானும் அப்படியல்ல. வேலை முடிந்தபின் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கிய ஏதாவது இருந்தால் அதோடு போகும்.

புஷ் பொருத்துமுன் ஹெட்டின் புது மரையையும் புஷ்ஷின் வெளி மரையையும் கார்ப் கிளீனரால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். மரைப் பசை இரண்டு சொட்டு, வெளி மரையில் மட்டும். கடையில் சிவப்புப் பாட்டில் என்று கேட்டால் கொடுக்கும் சாதாரண வகை 150 டிகிரி வாக்கில் பிடி விட்டுவிடும். அதிக சூடு தாங்கும் வகை என்று கேட்டு, பாட்டிலில் உள்ள அளவைப் படித்து வாங்குங்கள். டிரைவரில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் புஷ்ஷை இறக்குங்கள். டைம்-செர்ட் வகையில் அடி மரை சற்று இறுக்கமாக விடப்பட்டிருக்கும். டிரைவர் அதைத் தாண்டிப் போகும்போது புஷ்ஷின் அடி விரிந்து ஹெட்டோடு பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கை கனக்கும், பிறகு இலகுவாகும். கனக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பசை இறுக ஒரு நாள் விடுங்கள். கொள்முதல் நிலையத்தில் வரிசை நிற்கிறது என்று அன்றே எடுத்தால் புஷ் சுழலும்.

ப்ளக் இறுக்கும் அளவு

அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. ப்ளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. ப்ளக்குக்கு 15 முதல் 20. வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கையால் முழுதாக இறக்கியபின், புது வாஷர் என்றால் ஸ்பேனரில் அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள், பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று மட்டும். வாஷரே இல்லாமல் கூம்பு உட்காரும் ப்ளக் என்றால் பதினாறில் ஒரு பங்கு. கை உணர்வுக்குச் சொன்னால், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 12, 13 கிலோ இழுப்பு போதும். சக்கர நட் இறுக்கும் பலம் அல்ல இது.

மரையில் கிரீஸோ காப்பர் பேஸ்ட்டோ தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இன்றைய ப்ளக்குகளின் மரையில் பூச்சு இருப்பதால் அது தேவையில்லை. வழவழப்பால் அதே டார்க் அளவில் மரை அதிகமாக இழுபடும். உப்புக் காற்றுக்காகப் பூசியே ஆக வேண்டும் என்றால் மிக மெல்லியதாக, முனையில் படாமல் பூசி, இறுக்கும் அளவை 30 சதவீதம் குறையுங்கள்.

ப்ளக்கின் மின்முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து மாட்டுங்கள். சி.என்.ஜி.க்கு அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் பெட்ரோலைவிடச் சிறிய இடைவெளி சொல்லப்பட்டிருக்கும். இடைவெளி கூடினால் மிஸ்ஸடிக்கும், காயிலும் வேகும்.

ஸ்டார்ட் செய்தபின்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, குழிக்குள் ப்ளக்கின் அடியைச் சுற்றி நாலு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் கசிவு. பிறகு சிலிண்டரின் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். பழுது பார்த்த சிலிண்டர் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் வால்வில் துகள் சிக்கியிருக்கலாம், அல்லது திறந்த ஓட்டையோடு ஓட்டியதில் சுவர் கீறியிருக்கலாம். ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர் கோடு பதிந்திருக்கும், கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். அழித்துவிட்டு லோடு இல்லாமல் ஓட்டுங்கள். மறுபடி வந்தால், ப்ளக் பறந்தபோது அடிவாங்கிய காயிலையோ ப்ளக் கேப்பையோ சந்தேகியுங்கள்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டிய சமயங்கள் உண்டு. ப்ளக் ஓட்டைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவில் விரிசல் தெரிந்தால், ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டிருந்தால், ஏற்கெனவே போட்ட புஷ் சதையோடு பிடுங்கி வந்திருந்தால் வண்டியில் வைத்தே மரை போட முயல வேண்டாம். லேத் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பி, புதிதாகத் துளைத்து மரை போடுவார்கள். வெல்டிங் சூட்டில் ஹெட் வளையும் என்பதால் அடிப்பரப்பை மட்டம் பார்த்து, தேவையென்றால் சீவிச் சமமாக்கி ஃபேஸ் அடிக்கச் சொல்லுங்கள். புது ஹெட் கேஸ்கெட் கட்டாயம். நீண்டு இறுகும் வகை ஹெட் போல்ட் என்றால் அவையும் புதிது.

இனி வராமல் இருக்க

ப்ளக்கை ஆறிய எஞ்சினில் மட்டுமே கழற்றுங்கள். கழற்றுமுன் பஞ்சர் கடையில் குழிக்குள் ஏர் அடித்துவிடுங்கள். உமித் துணுக்கு ஒன்று மரையில் விழுந்தால் போதும், புது ப்ளக் கோணலாக ஏறும். கால் சுற்றில் 'கிறீச்' என்று பிடித்தால் மேலே திருகாமல், துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்து இரவு விட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுங்கள். மீன் வண்டி, உப்பு வண்டிகளில் மாற்றும் கெடு வராவிட்டாலும் ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றித் துடைத்துத் திரும்ப இறுக்குவது பிடித்துக்கொள்வதைத் தடுக்கும். வாட்டர் சர்வீஸ் செய்தால் குழியில் தேங்கிய தண்ணீரை ஊதி எடுக்கச் சொல்லுங்கள். குழியின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

முடுக்கும்போது 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சீட்டடியில் எரிபொருள் வாடை, ப்ளக்கைச் சுற்றிப் புதுக் கருமை, இவை தெறிப்பதற்குச் சில நாள் முன்பே தெரியும் அடையாளங்கள். அப்போது டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

போலி ப்ளக் விஷயத்தில் கவனம். மரையைக் கையால் தடவிப் பாருங்கள், பிசிறு இருக்கக் கூடாது. வாஷர் தானாகக் கழன்று விழக் கூடாது. நடு மின்முனை பீங்கானின் மையத்தில் இருக்க வேண்டும். எண்ணெழுத்து நகத்தால் சுரண்டினால் அழியக் கூடாது. பில் போட்டு வாங்கினால் தகராறு வந்தாலும் கேட்க முடியும்.